மலையில் இருந்தபடி மனநல டாக்டர்: வீடியோவா, பஸ் ஏறுவதா?

வால்பாறையில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எஸ்டேட் ஆபீஸ், வங்கி, வனத்துறை என்று ஏதோ ஓர் இடத்தில் வேலை. கொஞ்ச மாதமாகத் தூக்கம் சரியில்லை. டூட்டிக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைகிறது. யாராவது ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் எரிந்து விழத் தோன்றுகிறது. மனநல மருத்துவரைப் பார்த்துவிடலாம் என்று முடிவும் எடுத்தாயிற்று. எங்கே பார்ப்பது என்பதுதான் பாக்கி. 40 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போவதா, இருந்த இடத்திலிருந்தே போனில் வீடியோ போட்டுப் பார்த்துக்கொள்வதா, அரசாங்கம் இலவசமாக வைத்திருக்கும் எண்ணைக் கூப்பிடுவதா?

என் தம்பி மனைவி இங்கே ஸ்டாஃப் நர்ஸ். அவர் சிகிச்சை எடுத்த மாதங்களில் இந்த வழிகளையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதற்கப்புறம் தெரிந்தவர்கள் சிலர் இதே கேள்வியோடு வந்தார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் தடவை நேரில், பிறகு வீடியோவில். முழுக்க வீடியோவில் முடிப்பதில் ஓட்டை இருக்கிறது; முழுக்க நேரில் என்றால் மலையில் இருப்பவர் இரண்டாவது மாதமே நிறுத்திவிடுவார்.

எதற்குச் சிகிச்சை எடுக்கிறோம் என்று முதலில் பார்த்துவிடலாம். வேலையால் வரும் இந்தக் களைப்பை, அதாவது பர்ன்அவுட் என்று நாம் சொல்வதை, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் சேர்த்தது. ஆனால் நோய் என்று சேர்க்கவில்லை. வேலையோடு ஒட்டிய ஒரு நிலை என்று தனியாக வைத்தது. மூன்று அடையாளம் சொல்கிறது: உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்த திருப்தி இல்லாமல் போவது. மூன்றும் வேலையைச் சுற்றியே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகும், லீவு போட்டுச் சொந்த ஊருக்குப் போனபிறகும், பிள்ளைகள் சிரித்து விளையாடினாலும் எதுவும் தொடவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

இரண்டையும் பிரிப்பதுதான் முதல் சந்திப்பில் மருத்துவர் செய்யும் பெரிய வேலை. அதோடு முடியாது. தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வுதான். ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, ராத்திரி கொஞ்சம் ஊற்றிக்கொண்டு தூங்கும் பழக்கம், எல்லாமே வெளியில் பர்ன்அவுட் மாதிரிதான் தெரியும். நைட் டூட்டி பார்க்கிற நர்ஸுக்கு ஹீமோகுளோபின் குறைந்திருப்பது எத்தனை சாதாரணம் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். வேலையை மாற்றிப் பார்த்து, யோகா செய்து பார்த்து, கடைசியில் தைராய்டு மாத்திரையில் சரியானவர்களும் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்க எந்த வழி தோது என்பதை வைத்துத்தான் நான் ஒப்பிடுகிறேன். கட்டணமும் வசதியும் அதற்கு அடுத்துத்தான்.

நேரில் இறங்கிப் போவது

பொள்ளாச்சி ஏறக்குறைய 65 கிலோமீட்டர். கணக்கில் சின்னதுதான், ஆனால் ஆழியாறு வரைக்கும் வளைவு. பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணி நேரம். கோவை என்றால் அதற்கு மேலும். போய், காத்திருந்து, பார்த்து, ஏறி வந்தால் ஒரு நாள் போயிற்று. ஒரு நாள் லீவுக்கே மேலதிகாரியிடம் நின்று பேச வேண்டியிருப்பவருக்கு அந்த நாளே ஒரு காரணமாகி, போகாமலே இருந்துவிடுவார். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ பாதை நின்றால் அந்த வார அப்பாயின்ட்மென்ட்டும் போச்சு. வளைவில் வாந்தி எடுப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஆனாலும் முதல் தடவை நேரில் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவர் நாடி பிடிக்கலாம், கழுத்தைத் தொட்டுப் பார்க்கலாம், எடை பார்க்கலாம். அறைக்குள் எப்படி நடந்து வருகிறார், எப்படி உட்காருகிறார் என்பது நாற்காலியில் உட்கார்ந்தபிறகு போடும் வீடியோவில் தெரியவே தெரியாது. வாயில் வரும் வாடையும் திரையில் வராது. கூட வந்த கணவனையோ அக்காவையோ தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்கலாம். பல நேரம் உண்மை அங்கேதான் வரும்.

சட்டத்திலும் ஒரு லாபம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. 2020 மார்ச் 25-இல் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதலின்படி, அதே பிரச்சினைக்கு அதே மருத்துவரை நேரில் பார்த்து 6 மாதத்துக்குள் வீடியோவில் பார்த்தால் அது தொடர் ஆலோசனை. முதல் ஆலோசனையே வீடியோவில் என்றால் மருத்துவர் எழுதக்கூடிய மருந்துப் பட்டியல் சின்னது. தொடர் ஆலோசனைக்கு அது பெரிதாகிறது. ஒரு தடவை மலை இறங்கினால் அரை வருஷத்துக்கு வீடியோவில் தாராளமாக வைத்தியம் பார்க்க மருத்துவருக்கு வழி கிடைக்கிறது. ஒரு நாள் லீவுக்கு இது நல்ல விலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் விளையாட்டாகத் தோன்றினாலும் பரவாயில்லை. சிலருக்கு அந்த ஒரு நாள் இறக்கமே நல்லது செய்கிறது. வார்டு போன் அடிக்காத ஒரு பகல், பொள்ளாச்சியில் ஒரு நல்ல சாப்பாடு. தம்பி மனைவி முதல் தடவை போய்விட்டு வந்து, டாக்டர் சொன்னதைவிட ஹோட்டல் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

முழுக்க வீடியோ

தனியார் மருத்துவமனைகளும் தனி மருத்துவர்களும் இப்போது வீடியோவில் பார்க்கிறார்கள். நேரத்தை முன்பே எடுத்துக்கொள்ளலாம், சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் மருத்துவரைக்கூடப் பார்க்கலாம். சின்ன ஊரில் இது பெரிய விஷயம். எங்கே போனாலும் "என்ன சிஸ்டர், இந்தப் பக்கம்?" என்று கேட்க ஆள் இருக்கும் ஊர் இது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வரிசையில்கூட நம் பாடியிலிருந்து, அதாவது எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து, ஒருவர் நிற்பார். வெளியூர் மருத்துவர் என்றால் அந்தக் கூச்சம் இல்லை. மருந்து பற்றிய கவலையும் பெரும்பாலும் தேவையில்லாதது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வழக்கமாகத் தொடங்கும் மாத்திரைகள் பலவற்றை முதல் வீடியோவிலேயே எழுத அனுமதி உண்டு. பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸும் இந்திய மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2020-இலேயே இதற்கென்று தனி வழிகாட்டி கொடுத்துவிட்டன.

சிக்கல் எல்லாம் நம் பக்கத்தில்தான். பாடி வீடுகளின் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று இங்கே வாழ்ந்தவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணலாம். மாமியாரும் ஹாலில்தான் இருப்பார். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று ஒருவர் எப்படிச் சொல்வார்? ஹெட்போன் போட்டால் டாக்டர் பேசுவது வெளியில் கேட்காது, நாம் பேசுவது கேட்கும். ஆகவே எல்லாக் கேள்விக்கும் "பரவாயில்ல டாக்டர்", "கொஞ்சம் டயர்டா இருக்கு டாக்டர்" என்றுதான் பதில் வரும். அதை வைத்து அவர் வைத்தியம் பார்க்கிறார்.

தம்பி மனைவி பேசியது தம்பியின் பழைய மாருதி காரில். டவர் நன்றாகக் கிடைக்கும் ஒரு திருப்பத்தில் ஓரம் கட்டி, கண்ணாடியை ஏற்றி, போனை டாஷ்போர்டில் சாய்த்து வைத்துக்கொள்வார். தம்பி கொஞ்சம் தள்ளிப்போய் டீ குடித்துக்கொண்டிருப்பான். மழை பிடித்தால் தகரக் கூரை மாதிரிச் சத்தம், டாக்டர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்பார். ஒருமுறை அவர், "சிஸ்டர், கேமராவக் கொஞ்சம் கீழ இறக்குங்க, ரெண்டு கையையும் நீட்டுங்க" என்று நடுக்கம் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை. "காலையில் உங்கள் ஆஸ்பத்திரியிலேயே பி.பி.யும் பல்ஸும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை அதைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்" என்றார். நல்ல பழக்கம்; நர்ஸாக இல்லாதவரும் எஸ்டேட் ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்த்துக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான், ஒன்றிரண்டு டெஸ்டுக்கு ரத்தம் கீழே லேபுக்குப் போய் வரவேண்டியிருந்தாலும்.

டவர் போனால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் டவரும் விழுந்தால் வீடியோ குரல் அழைப்பாக மாறும். தொடர் சிகிச்சையில் இருப்பவருக்கு அது போதும். முதல் தடவை பார்ப்பவருக்குப் போதாது, ஏனென்றால் முதல் ஆலோசனையில் இந்த வகை மருந்து எழுத வீடியோவில் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. பாதியில் அறுந்த முதல் சந்திப்பில் மருந்துச்சீட்டு வராமல் போனால் மருத்துவர் மேல் கோபப்பட வேண்டாம்.

அப்புறம் மருந்துக்கடை. மருந்துச்சீட்டு வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக வரும். அதில் மருத்துவரின் பதிவு எண்ணும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். போனை நீட்டினால் சில கடைகளில் தயங்குவார்கள், அவர்கள் தயங்குவது சரியும்தான். அல்பிரசோலம், டயாசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள், விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியலில் இருப்பவை. வாங்குபவர் பெயர், எழுதிய மருத்துவர் பெயர், கொடுத்த அளவு எல்லாம் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். ரகசியத்துக்காகவே வெளியூர் டாக்டரைத் தேர்ந்தெடுத்தவருக்கு இது உறுத்தும். கீழே போகும்போது ஒரு மாத மாத்திரையைச் சேர்த்து வாங்கி வருவது நல்ல வழி. மெத்தில்ஃபெனிடேட் போன்ற, அதைவிடக் கடுமையான கட்டுப்பாடு உள்ள எக்ஸ் பட்டியல் மருந்துகளை வீடியோவில் எழுதவே கூடாது. யாராவது எழுதித் தருவதாகச் சொன்னால் அந்த இடத்தைவிட்டு விலகிவிடுங்கள்.

அரசாங்க வழிகள்

இலவசம் என்பதாலேயே மட்டமாக நினைக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுக்கத் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். முதலில் எடுப்பவர் ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் மாற்றுவார். நடுராத்திரி டூட்டி முடிந்து, பாத்ரூமில் உட்கார்ந்து அழுகிற நேரத்தில் இதற்கு இணையான வேறு வழி எதுவும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் ஒரே மருத்துவரிடம் தொடர்வதற்கு இதை மட்டும் நம்பக்கூடாது. ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்ல நேரலாம். ஏற்கெனவே களைத்துப்போனவருக்கு அது பெரிய பாரம்.

அரசின் தொலை மருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி வேறு மாதிரி. சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியரோ மருத்துவரோ கூட உட்கார்ந்து, திரையில் பெரிய ஆஸ்பத்திரி மருத்துவரோடு இணைத்துவிடுவது அதில் ஒரு முறை. பி.பி. பார்க்கிற கை இந்தப் பக்கத்தில் இருக்கிறது, மருந்தும் பக்கத்திலேயே கிடைக்கலாம். தத்துவப்படி வீடியோ வைத்தியத்துக்கு இதுதான் சிறந்த வடிவம் என்பேன். புதுக்கோட்டையில் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 2010 வாக்கில் தொடங்கிய பஸ் இதே யோசனைதான்: பஸ்ஸுக்குள் ஒரு அறை, அதில் வீடியோ, மறுமுனையில் சென்னையில் மனநல மருத்துவர், பஸ்ஸிலேயே மருந்தகம், ஊர்க்காரர்களோடு பழகிய பணியாளர். போனும் சிக்னலும் மட்டுமே இருந்தால் அங்கே அது ஓடியிருக்காது.

ஆனால் சுகாதாரத்துறையிலேயே வேலை செய்கிறவருக்கு இந்த வழி சங்கடம். தன் கூட வேலை பார்க்கிறவர் முன்னாலேயே உட்கார்ந்து எப்படிப் பேசுவார்? ஆசிரியருக்கும் எஸ்டேட் ஊழியருக்கும் பொருத்தம், நர்ஸுக்குப் பொருத்தமில்லை.

மூன்றாவது, மாவட்ட மனநலத் திட்டம். 1996-இல் நாட்டில் சில மாவட்டங்களில் தொடங்கிய திட்டம் இது. தமிழ்நாட்டில் இப்போது எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. மாவட்டக் குழுவின் மனநல மருத்துவர் குறித்த நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வந்து பார்ப்பது அதன் முறை. உங்கள் ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை என்று ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தேதி ஒத்துவந்தால், நான் சொன்ன அந்த முதல் நேர்ச் சந்திப்பு மலை இறங்காமலே முடிந்துவிடும். மாத்திரையும் இலவசம்.

செயலிகளில் கிடைக்கும் கவுன்சலிங் பற்றி ஒரு வார்த்தை. பர்ன்அவுட்டுக்குப் பேச்சு சிகிச்சை உதவும், அதை வீடியோவில் எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எதிரில் இருப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். உளவியலாளர் மருந்து எழுத முடியாது. மனநல மருத்துவரைப் பார்த்து வேறு நோய் இல்லை என்று தெரிந்தபிறகு அங்கே போவது நல்லது.

லீவும் வேலையும்

எந்த வழியில் பார்த்தாலும் பர்ன்அவுட்டை மட்டும் தீர்க்கும் மாத்திரை என்று ஒன்று இல்லை. தூக்கம், பதற்றம், மனச்சோர்வு இருந்தால் அவற்றுக்கு மருந்து. மிச்சம் வேலையில்தான் மாற வேண்டும்: நைட் டூட்டி அடுக்கடுக்காகப் போடாமல் இருப்பது, இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டாமல் இருப்பது, கொஞ்ச நாள் லீவு.

லீவு என்று வந்தால் சான்றிதழ். பர்ன்அவுட் நோய்ப் பட்டியலில் இல்லாததால் மருத்துவர் அந்தப் பெயரை எழுதமாட்டார். சூழலுக்கு ஒத்துப்போக முடியாத கோளாறு, பதற்றம், மனச்சோர்வு என்று எது பொருந்துகிறதோ அதை எழுதுவார். அரசு ஊழியர் மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு கேட்கும்போது, நேரில் பார்த்த மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள காகிதம் கேள்வியில்லாமல் நகரும். போனில் வந்த கோப்பு மேசை மேசையாக நிற்கலாம். முதல் சந்திப்பை நேரில் வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம். சான்றில் உள்ளதற்கு மேல் மேலதிகாரிக்கு மருத்துவர் எதையும் சொல்லக்கூடாது. 2017 மனநலச் சட்டம் அந்த ரகசியத்தை நமக்கு உரிமையாகக் கொடுத்திருக்கிறது. அதே சட்டம் காப்பீட்டிலும் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக வைக்கச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுத்துச் சிகிச்சை எடுத்தால்தான் பணம் தரும். வீடியோ கட்டணம் நம் கையிலிருந்துதான்.

மாத்திரை தொடங்கியபிறகுதான் வீடியோவின் உண்மையான பலன் தெரியும். இந்த மாத்திரைகள் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆனால் குமட்டலும் படபடப்பும் முதல் வாரமே வரும். மலையில் இருப்பவர் பாதியில் நிறுத்துவது அப்போதுதான். பத்து நிமிட வீடியோவில் "அது போயிடும், சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க" என்று மருத்துவர் சொன்னாலே தொடர்ந்து போடுவார்கள். அதற்காக ஒருவரை 40 வளைவு இறங்கச் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தும் காலத்திலும் இப்படித்தான். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னப் பேச்சு போதும்.

யாருக்கு எது என்று கேட்டால்: நர்ஸுக்கு வெளியூர் மருத்துவரிடம் ஒரு நேர்ச் சந்திப்பு, பிறகு காரிலோ வேறு தனி இடத்திலோ வீடியோ. பள்ளி ஆசிரியருக்கு, தாலுகா ஆஸ்பத்திரியில் மனநலக் குழு வரும் நாள் தோதாக இருந்தால் அங்கேயே தொடங்கலாம். கைக்குழந்தையோ படுத்த படுக்கையாக மாமனாரோ இருந்து வீட்டைவிட்டு நகர முடியாதவர், ரத்தப் பரிசோதனையை இங்கே எடுத்துக்கொண்டு வீடியோவிலேயே தொடங்கட்டும். நேரில் போகமுடியாமல் தள்ளிப்போடுவதைவிட அது மேல். வீடியோ மருத்துவர் ஆரம்பத்தில் நீங்கள் இருக்கும் இடமும் பக்கத்தில் இருப்பவர் எண்ணும் கேட்பார். மறைக்காமல் கொடுங்கள், ஏதாவது ஆனால் அவர் கூப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் வீடியோ நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 108, அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

தினமும் குடித்துத்தான் தூங்குகிறார் என்ற நிலையில் இருக்கும் எஸ்டேட் சூப்பர்வைசருக்கு மட்டும் வீடியோவில் தொடங்கச் சொல்லமாட்டேன். டாக்டர் சொன்னார் என்று ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றலும் வரலாம். அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவரைத் தனியாக அனுப்பாமல் வீட்டில் ஒருவர் கூடவே கீழே இறங்கிப் போங்கள். படுக்கை வசதி உள்ள ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். வீடியோவெல்லாம் அவர் திரும்பி வந்தபிறகு.